படத்தின் இடது ஓரம்

சென்ற ஆண்டின் இறுதியில், ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தங்கும் விடுதியின் விருந்து மண்டபத்தில் இது தொடங்கியது. உள்ளூர்ப் பத்திரிகையாளர்களுக்கும் மக்கள் தொடர்புத் துறையினருக்கும் ஆண்டுதோறும் விருது வழங்கும் மதிய விருந்து அது. அந்த உலகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பள்ளி நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். போட்டிக்கு வந்திருந்த செய்திப் படங்களில் ஒன்றில் நான் இருந்தேன். அதனால் மட்டுமே அழைக்கப்பட்டிருந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

என் கணவர் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். ஜார்ஜ்டவுன் இருக்கும் எங்கள் தீவிலிருந்து கடற்பாலம் கடந்து எதிர்க்கரைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார். அதற்கு முந்தைய ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு காலை, தொழிற்சாலைக்குத் திரும்பும் சந்திப்பில் வண்டி சறுக்கி விழுந்தார். தொழிற்சாலையிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் காரில் என்னை அழைத்துப் போனார். பாலத்தில் அன்று வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்து, பார்த்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டிருந்தது. உடலை எடுத்துப்போகும் காவல்துறை வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவர்மேல் ஏதோ துணி போர்த்தியிருந்தார்கள். யாரோ அவருடைய தலைக்கவசத்தை என் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காவலர்களிடம் பேசப் போய்விட்டார். நான் சாலையோரத்தில், அவருக்கு அருகில் உட்கார்ந்தேன். வண்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. மடியில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் மழை கோடு கோடாக விழுகிறது. சுற்றிலும் ஒரு மனிதர்கூட இல்லை. கொட்டும் மழையில் கணவரின் உடலருகே தன்னந்தனியாக ஒரு பெண் என்று கீழே எழுதியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்த உறவினர்களும் அதையே சொன்னார்கள். "அத்தனை வண்டி போற ரோட்டுல ஒரு மனுஷன் நிக்கல பாரு," என்று என் நாத்தனார் அழுதார்.

ஒருவர் தன் வாழ்வின் மிக மோசமான நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல்போனால், அதைப் பற்றிப் பிறர் தருகிற சித்திரத்தையே தன் நினைவாக ஏற்றுக்கொள்கிறார். நானும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன். அந்தப் படம் எனக்குள் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனது. நான் போன பிறகே ஒருவரும் பக்கத்தில் இல்லை என்றால், நான் போவதற்கு முன்பு அவர் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்? அவர் விழுந்ததும் உயிர் போய்விடவில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அப்படியென்றால் அந்த நேரம் முழுவதும் அவர் தனியாகக் கிடந்தாரா? அவருடன் வேலை செய்தவர்களைக் கேட்டேன். "நாங்க ஓடி வர்றதுக்குள்ள போயிட்டாருக்கா," என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை. சமையலறையில் நிற்கும்போதும், கோயிலில் கண்ணை மூடும்போதும், புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும்போதும் இந்தக் கேள்வி வந்து எதிரில் நிற்கும். அடுக்குமாடியின் ஜன்னலிலிருந்து சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்தால், உங்களில் யார் யார் அன்று அந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்கத் தோன்றும். பாலம் கடப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரர் என் வீடு தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த வருஷ அவார்டுக்கு அனுப்ப எங்கிட்ட இதைவிட நல்ல படம் இல்ல. ஆனா உங்களைக் கேக்காம அனுப்ப மனசு வரல."

"கேட்கணும்னு விதி இருக்கா, தம்பி?"

"விதி இருந்தா ஃபார்ம் அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்கா. இல்லாததுனாலதான் நேர்ல வந்தேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவர் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நான் கைநீட்டவில்லை. போட்டிக்கு அனுப்பும் படம் கேமராவில் விழுந்தபடியே, எந்தப் பக்கமும் வெட்டாமல் இருக்க வேண்டும், பத்திரிகையில் வந்தது வெட்டியது, இது அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அவர் விளக்கினார். பெரிதோ சிறிதோ, ஒருமுறை பார்த்ததே ஆயுளுக்குப் போதும் என்றேன். அவர் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுத்தால் மட்டும் எது மாறிவிடப்போகிறது என்ற சலிப்பே அதற்குக் காரணம். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விருந்துக்கும் வர வேண்டும் என்று கேட்டார். வருகிறேன் என்றேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. கேட்காமலேயே செய்துவிடக்கூடிய ஒன்றை ஒருவர் வந்து கேட்கும்போது, அவரை வெறுங்கையோடு அனுப்ப முடிவதில்லை.

விருந்து மண்டபத்தில் என்னைச் சுவரோரத்து மேசையில் உட்கார வைத்தார்கள். புகைப்படக்காரர் தம் அலுவலகத்து ஆட்களோடு முன்வரிசையில் இருந்தார். என் மேசையில் தலை நரைத்த நிருபர் ஒருவரும், ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியான பெண் ஒருவரும் இருந்தார்கள். பல ஆண்டுப் பழக்கம் என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

"நீங்க எழுதி அனுப்புறத நாங்க அப்படியே போடுறோம். பரிசு மட்டும் உங்களுக்கு," என்றார் நிருபர்.

"அப்படியேன்னு சொல்லாதீங்கண்ணே. நடுவுல நாலு எழுத்துப்பிழை சேர்க்குறீங்கல்ல, அந்த உழைப்பை யாரு மறக்க முடியும்?"

"பசில எழுதுறோம்லா. உங்க கம்பெனி பிரஸ் மீட்டுல பிஸ்கட்டைத் தாண்டி எதையாவது கண்ணுல காட்டுங்க, பிழை குறையும்."

என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா எந்தப் பேப்பர்?" என்றார். எந்தப் பேப்பரும் இல்லை, தெரிந்தவர் அழைத்தார் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. உணவு வந்தது, மேடையில் யாரோ பேசினார்கள், சிறந்த செய்தி அறிக்கைக்கும் சிறந்த சமூகப் பிரசாரத்துக்கும் பரிசு கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இசை ஒலித்தது, கைதட்டினார்கள், மேடையில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது செய்திப் படம் என்று அறிவித்ததும் நிருபர் சொன்னார்: "மழையில ஒரு அம்மா தனியா உட்கார்ந்திருக்கும்ல, ஜுரு ஆக்சிடென்ட். அதுதான் பரிசை அடிக்கும் பாருங்க."

"அந்தப் படத்தை நான் முழுசாப் பார்க்கல. பக்கத்தைத் திருப்பிட்டேன்," என்றார் அந்தப் பெண்.

இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு தீ விபத்து. மீன்பிடிப் படகுகள். பிறகு நான்.

கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். தாழ்த்தவில்லை. ஏனென்றால் அது நான் அறிந்த படமாக இல்லை. பத்திரிகையில் என் தலைக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார்கள். இங்கே என் தலைக்கு மேல் ஒரு குடை இருந்தது. கரிய, பெரிய குடை. அதைப் பிடித்திருந்த கை நீண்டு படத்தின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பெண் நின்றிருந்தார். முக்காடு போட்டு, இடுப்பில் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார். குடை முழுவதையும் என் பக்கம் நீட்டிவிட்டதால் அவர் மழையில் நின்றார். முக்காடு தலையோடு ஒட்டிப்போயிருந்தது. நான் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, என் கணவர் கிடத்தப்பட்டிருந்த திசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க நின்ற ஒருவரின் பார்வையாக அது இல்லை.

விபத்து நடந்த அன்று வீடு திரும்பி உடை மாற்றியபோது, பாவாடையின் கரை சேறாக இருந்தது, ரவிக்கை நனையவே இல்லை. அது ஏன் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

திரை மாறி அடுத்த படம் வந்தது. நான் இன்னும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நிருபர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தம் கண்ணாடியைக் கழற்றினார். மக்கள் தொடர்பு அதிகாரியான பெண் எழுந்து, மற்ற மேசைகளிலிருந்து என் முகம் தெரியாதபடி தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடியும்வரை அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு, மேடையையே பார்க்காமல் இருந்தார்.

பரிசு மீன்பிடிப் படகுகளுக்குப் போனது. நடுவர்களில் ஒருவர் தம்மிடம் சொன்னதாகப் புகைப்படக்காரர் பிறகு சொன்னார்: பத்திரிகையில் வந்த வடிவம்தான் மனத்தைத் தாக்கியதாம், முழுப்படத்தில் குடையும் இன்னொரு ஆளும் சேர்ந்து கவனத்தைச் சிதறடிக்கின்றனவாம்.

"அந்த அம்மா யாரு, தம்பி?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? நான் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்தாங்க. உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு யாருன்னே தெரியாது."

"எடிட்டிங் டெஸ்க்ல மூணு பத்தி அகலத்துக்குள்ள அடங்கணும்னு வெட்டினாங்க. தனியா இருந்தா பலமா இருக்கும்னாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் எடுத்த முடிவு ஒரு பக்கத்தைப் பற்றியது. அது என் வீட்டுக்குள் வந்து ஓராண்டு குடியிருக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் அவரே என்னைத் தம் காரில் பாலம் கடந்து ஜுருவுக்கு அழைத்துப் போனார். சந்திப்புக்கு அருகில் ஒரு மரத்தடியில் காலையில் பசியாறும் கடைகள் இருந்தன. முழுப்படத்தைக் கைப்பேசியில் காட்டிக் கேட்டோம். ரொட்டி சானாய் என்னும் பரோட்டா போடுகிறவர் உடனே அடையாளம் சொன்னார். நாசி லெமாக் சோறும், இங்கே தண்ணீர் என்றே சொல்கிற தேநீரும் காப்பியும் விற்ற இந்திய முஸ்லிம் அம்மாவாம். அந்த விபத்துக்குப் பிறகு சில நாள் வந்தாராம். பிறகு இடத்தையே விட்டுவிட்டுத் தாசேக் கெலுகோர் என்ற ஊரில் தங்கை வீட்டோடு போய்விட்டாராம். நல்லா ஓடின கடை, ஏன் விட்டார் என்று தெரியவில்லை என்றார்.

தாசேக் கெலுகோரில் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய கொட்டகையில் அவரைக் கண்டோம். காலை வியாபாரம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாங்கக்கா," என்றார். பிறகு, "எப்படியும் ஒரு நாள் வருவீங்கன்னு தெரியும்," என்றார்.

புகைப்படக்காரர் கார் பக்கம் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்திரிகையில் படம் வந்ததை அவரும் பார்த்திருந்தார். "என்னைக் காணோம் அதுல. நான் அங்க இருந்தேனா, இல்லையான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஓராண்டாக மனத்தில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்த கேள்வியை மிகச் சாதாரணமாகக் கேட்டேன். "அவர் தனியா கிடந்தாரா?"

"இல்லக்கா. விழுந்த சத்தம் கேட்டதும் ஓடினேன். கடைசி வரைக்கும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"பேசினாரா?"

"பேசினாரு. மோட்டாரை ஓரமா வைக்கச் சொல்லுங்க, ஜாம் ஆகுதுலான்னாரு. எல்லாம் வைப்பாங்க, நீங்க சும்மா இருங்கண்ணேன்னு சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

அது அவரேதான். எங்கள் திருமண வாழ்வு முழுவதும், தம்மால் ஒருவருக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று தவித்தவர். விருந்தினர் வீட்டில் குடித்த கோப்பையைக்கூடத் தாமே கழுவி வைப்பார். அவருடைய கடைசிச் சொற்கள் அவருடையவையாகவே இருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவர் தனியாக இல்லை என்பதற்காக வந்த அழுகை அது. அதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

ஆனால் அந்த அம்மா அழவில்லை. ஏப்ரனின் நுனியைத் திருகிக்கொண்டு, எனக்கு எதிரே தரையைப் பார்த்தபடி இருந்தார். படத்தில் இருந்த அதே பார்வை.

"இன்னொன்னு இருக்குக்கா. சொல்லாம இருக்கலாம். வந்துட்டீங்க, சொல்லிடறேன். தண்ணி கேட்டாரு. ரெண்டு மூணு தடவை கேட்டாரு. நான் எடுத்துட்டு வரத்தான் எந்திரிச்சேன். கூடி நின்னவங்கள்ல யாரோ, அடிபட்டவருக்குத் தண்ணி கொடுக்கக் கூடாது, உள்ளே ரத்தம் போகும்னாங்க. எனக்குப் பயமாப் போச்சு. ஆம்புலன்ஸ் வந்துரும், வந்ததும் தர்றேன்னு சொன்னேன். அதுக்குள்ள..."

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளெல்லாம் தண்ணி கலக்குறவ நான். போறவன் வர்றவனுக்கெல்லாம் கலக்கிக் கொடுத்தவ. அவருக்கு ஒரு வாய் கொடுக்கல. அதுக்கப்புறம் அந்த இடத்துல நின்னு கோப்பையில தண்ணி ஊத்த முடியல. அதான் வந்துட்டேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் எனக்குள் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை. என் கணவருக்குத் தாகமாக இருந்தது என்ற அந்த ஒன்றுதான். ஒரு கோப்பைத் தண்ணீர் பத்தடி தூரத்தில் இருந்தது என்பதுதான். கேள்விக்குப் பதில் தேடி வந்தவளுக்குப் பதிலோடு சேர்த்து இதுவும் கிடைத்தது. அந்த அம்மா என்னிடமிருந்து எதையும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட, கொடுத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

பிறகு, அவர் செய்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன். நான் அங்கே இருந்திருந்தாலும் யாரோ ஒருவர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார், நானும் பயந்திருப்பேன். ஆனால் நான் அங்கே இல்லை. நான் பாலத்தின்மேல் இருந்தேன். இருந்தவர் இவர். இருந்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட பாரமெல்லாம். நிற்காமல் போன வண்டிகளில் இருந்தவர்கள் அன்றிரவு நன்றாகவே தூங்கியிருப்பார்கள்.

"நீங்க பயந்தது சரிதான். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பாரு," என்றேன். அது மெய்யா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு, "எனக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்க," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய், பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கவா என்று கேட்டார். வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றேன். விளிம்புவரை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். நான் அதை நிறுத்தாமல் முழுவதும் குடித்தேன். அவர் நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். காலிக் கோப்பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அழுதார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை பாலம் கடந்து அவரைப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் விலைவாசியையும் முழங்கால் வலியையும் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் காலையைப் பற்றி மறுபடியும் பேசியதில்லை. என் கணவர் தனியாகப் போகவில்லை என்பதும், தாகத்தோடுதான் போனார் என்பதும் ஒரே நாளில், ஒரே வாயால் எனக்குத் தெரியவந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால், இரண்டையும் நாங்கள் இருவருமாகச் சேர்ந்தே சுமந்துகொண்டிருக்கிறோம்.